வாங்கிய குதிரைகளை முதலில் எண்ணிப் பாருங்கள்

புத்தூர் என்றால் சென்னையிலும் வேலூரிலும் சேலத்திலும் உள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டு. கை ஒடிந்தவரையும் கால் முறிந்தவரையும் மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டுவதற்காக இங்கே அழைத்து வருவது நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கம். அப்படி வருகிறவர்களில் வண்டியிலிருந்து விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே வேகத்தைப் பற்றியும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றியும் பேசுவதற்குப் புத்தூர்வாசிகளைவிடத் தகுதி உடையவர்கள் இல்லை.

இப்போது இதைப் பேச வேண்டிய காரணம் உண்டு. காரின் குதிரைச் சக்தியைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் பெரிய நகரங்களில் பெருகிவிட்டன. பழைய பென்ஸ் கம்ப்ரெஸர் கார்கள் கைமாறிக் கைமாறி நடுத்தர வருமானக்காரர் வரை வந்துவிட்டன. டர்போ பொருத்திய சிறிய கார்களோ தெருவுக்குத் தெரு நிற்கின்றன. "என்ஜினைத் தொடவே வேண்டாம், கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும், மேலே முப்பது நாற்பது குதிரை ஏற்றித் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்லும்போது இளைஞர்களுக்கு ஆசை வருவது இயல்பே. ஆசைப்படுவதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பாதுகாப்பாக ஏற்ற முடியுமா என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டியது அவசியம்.

முடியும் என்பதே பதில். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு, ஒரு எல்லையும் உண்டு. வரிசையை மாற்றினாலும் எல்லையைத் தாண்டினாலும் முதலில் போவது என்ஜின். அடுத்துப் போவது ஆளாகவும் இருக்கலாம்.

காற்றுக்கு வரும் காய்ச்சல்

சூப்பர்சார்ஜர் என்பது புதிய சாதனமன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்று ஊதிதான் அதன் மூதாதை. மோட்டார் காரின் தந்தைகளில் ஒருவரான டெய்ம்லர் 1885இலேயே என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1921இல் மெர்சிடிஸ் நிறுவனம் அதை விற்பனைக் கார்களிலேயே காட்டியது.

தத்துவம் எளிமையானது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சாதாரண என்ஜின் தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்றோடு நின்றுவிடும். சூப்பர்சார்ஜர், என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிறது. டர்போ அதே வேலையைப் புகையின் வேகத்தைக் கொண்டு செய்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு. அதன்மேல் 7 பவுண்டு சேர்த்துத் திணித்தால், கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அதற்கேற்ற பெட்ரோலும் சேர்ந்தால் சக்தி கூடுகிறது.

ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நமது ராயலசீமைக் கோடையில் 40 டிகிரியில் இருக்கும் காற்றை 7 பவுண்டு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், ரூட்ஸ் வகை ஊதியில் அது சுமார் 100 டிகிரிக்கு வந்துவிடும். குளிர்விக்காமல் விட்டால் கொதிநீரின் சூட்டிலுள்ள காற்றைத்தான் என்ஜின் மூச்சாக வாங்குகிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். கூட்டிய சக்தியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தீப்பொறி எரிய வைப்பதற்கு அப்பால் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிப்பது. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். ஒரு டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற சத்தம் அது. தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். கனெக்டிங் ராடு வளையும்.

கம்பெனி ஒரு சூப்பர்சார்ஜர் என்ஜினை வடிக்கும்போது பிஸ்டனுக்கும் ராடுக்கும் கொஞ்சம் தாங்கும் சக்தியை மிச்சம் வைக்கிறது. மட்டமான பெட்ரோல், கடுங்கோடை, மலை ஏற்றம், ஏழு பேர் ஏறிய வண்டி, காலத்தில் மாற்றாத எண்ணெய் ஆகிய எல்லாவற்றையும் உத்தேசித்து வைத்த மிச்சம் அது. குதிரைச் சக்தி கூட்டுகிறவர் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் செலவு செய்கிறார். இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும்

இதற்கு வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. இங்கிலாந்தின் பென்ட்லி 4½ லிட்டர் கார் சுமார் 110 குதிரைச் சக்தி கொண்டது. டிம் பிர்கின் என்ற பந்தய வீரர் அதற்குச் சூப்பர்சார்ஜர் வைக்க விரும்பினார். கம்பெனியை நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் சம்மதமில்லை. என்றாலும் கார் உருவாயிற்று. சாலைக் காரின் சக்தி 175 குதிரைக்கு ஏறியது. வேகத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் 1930இல் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் ஓடிய சூப்பர்சார்ஜர் பென்ட்லிகள் எதுவும் முடிவைத் தொடவில்லை. வென்றது எது? சூப்பர்சார்ஜர் இல்லாத, பெரிய என்ஜின் கொண்ட அதே கம்பெனியின் ஸ்பீட் சிக்ஸ் கார். 1929இலும் அதுவே வென்றிருந்தது. சக்தி இருந்தது, தாங்கும் தன்மை இல்லை. அதுதான் தோல்வியின் காரணம்.

இன்னொரு பாடம் இரண்டாம் உலக யுத்தத்தில் கிடைத்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின் சூப்பர்சார்ஜர் கொண்டது. 87 ஆக்டேன் பெட்ரோலில் சுமார் 6 பவுண்டு அழுத்தத்துக்குமேல் போக முடியாது; ஆயிரத்துச் சொச்சம் குதிரை. 1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் அழுத்தத்தை 12 பவுண்டுக்கு உயர்த்தினார்கள்; சக்தி 1,300 குதிரையைத் தொட்டது. இங்கே நமக்கு வேண்டிய செய்தி இரண்டு. முதலில் நாக்கிங் வராத பெட்ரோல் வந்தது, பிறகே அழுத்தம் ஏறியது. அந்த அழுத்தத்தையும் ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது என்று விமானிக்குக் கட்டளை. உயிர் போகும் யுத்தத்திலேயே எல்லை வைத்திருந்தார்கள் என்றால், புத்தூரிலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகிற நமக்கு எல்லை வேண்டாமா?

தொலைந்த குதிரைகள்

நாம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: புதிய குதிரைகளைத் தேடுவதற்குமுன் வாங்கிய குதிரைகள் அத்தனையும் லாயத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பத்து வருஷம் ஓடிய காரில் கம்பெனி சொன்ன சக்தி முழுவதும் இருப்பது அரிது. காற்று வடிகட்டியில் புழுதி, இன்டர்கூலர் ரப்பர் குழாயில் கீறல், தளர்ந்த பெல்ட், தேய்ந்த பிளக், அடைத்த இன்ஜெக்டர், பிடித்தபடியே நிற்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குதிரையையோ இரண்டு குதிரையையோ திருடிக்கொண்டு போயிருக்கும். சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தால், அழுத்திய காற்று வழியிலேயே கசிந்துவிடும். புதிய பாகம் ஒன்றும் போடாமல் இவற்றைச் சரிசெய்தாலே காரின் இழுவை கூடியதை உணரலாம். இதைவிடப் பாதுகாப்பான, செலவு குறைந்த குதிரைச் சக்தி உலகத்தில் இல்லை. சட்டத்துக்கும் விரோதமில்லை.

அடுத்தது எடை. இதற்கு நமது கோயமுத்தூரே சாட்சி. கரிவரதன் என்ற பந்தய வீரர் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் 796 சிசி என்ஜினைக் கொண்டு ஒற்றை ஆள் பந்தயக் கார்களை வடித்தார். சந்தைக்குப் போகவும் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடவும் மக்கள் ஓட்டிய காரின் அதே மூன்று சிலிண்டர் என்ஜின்தான். அதை மிக லேசான உடலில் வைத்ததும் பந்தயக் கார் ஆயிற்று. பின்னால் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நாராயண் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் ஓட்டிப் பழகியதும் இந்த வகைக் காரைத்தான். டிக்கியில் ஏற்றி மறந்துபோன மூட்டைகளையும் கூரைமேல் நிரந்தரமாக நிற்கும் இரும்புக் கேரியரையும் இறக்கினாலே என்ஜினுக்குப் பாரம் குறையும். இதற்குப் பட்டறைக்குப் போக வேண்டியதே இல்லை.

கூட்டியே தீருவது என்றால்

இத்தனைக்கும் பிறகு சக்தி போதவில்லை என்று நினைக்கிறவர்கள் எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் பரிசோதனை. எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஒன்று பலவீனமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நோயாளிக்குச் சிலம்பம் கற்றுக்கொடுக்கலாகாது. டைமிங் செயினையும் எண்ணெய் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். டைனோ என்னும் அளவுமேடையில் காரை ஏற்றி, இப்போது எத்தனை குதிரை இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும். முன்கணக்கு இல்லாமல் பின்கணக்குப் பேசும் கடைக்காரரை நம்பக் கூடாது.

இரண்டாவது பிரேக்கும் டயரும். இதைக் கடைசியில் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரைவிட 100 கிலோமீட்டரில் போகும் காரில் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வேகம் கால் பங்குதான் கூடியது. பிரேக்கின் வேலை பாதிக்குமேல் கூடியது. திருமலையிலிருந்து இறங்கி வரும் பாதையில் பிரேக் சூடேறிய நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

மூன்றாவது குளிர்ச்சி. இன்டர்கூலர், ரேடியேட்டர், எண்ணெய் ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் காட்டும் கருவியும், பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதத்தைக் காட்டும் கருவியும் பொருத்த வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டுவது கூடாது.

நான்காவது எரிபொருள். இப்போது பம்புகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் உண்டு. ஆனால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி குறைவு. எனவே அதே வேலைக்கு அதிக அளவு எரிபொருள் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் ஏற்கெனவே தம் திறமையின் முடிவில் இருந்தால், அழுத்தத்தைக் கூட்டியதும் கலவை வறண்டுபோகும். வறண்ட கலவை பிஸ்டனுக்கு எமன். பழைய காராக இருந்தால் எத்தனாலுக்கு ரப்பர் குழாய்கள் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவை நான்கும் முடிந்த பிறகுதான் ஐந்தாவது படியான அழுத்தம். சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சற்றுச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுழலும். 80 மில்லிமீட்டர் புல்லிக்குப் பதில் 75 மில்லிமீட்டர் புல்லி போட்டால் வேகம் ஏறத்தாழ 7 சதவிகிதம் கூடும். கேட்பதற்குச் சிறியதுதான், ஆனால் காற்றும் சூடும் பெல்ட்டின் இழுவையும் சேர்ந்தே கூடுகின்றன. ஊதிக்கும் இத்தனை சுற்றுக்குமேல் சுழலக் கூடாது என்ற வரம்பு உண்டு. புல்லியை மாற்றினால் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கையும் அதற்கேற்பத் தெரிந்தவர் திருத்த வேண்டும். ஒரு படி ஏற்றுவது, அளப்பது, நாக்கிங்கோ சூடோ வறட்சியோ தலைகாட்டினால் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடுவது; இதுவே முறை. எல்லாக் காருக்கும் பொதுவான எண் ஒன்று கிடையாது. அப்படி ஒரு எண்ணைச் சொல்கிறவர் காரைப் பார்த்துச் சொல்லவில்லை என்று பொருள்.

கம்பெனி வைத்த உச்சச் சுற்றை மட்டும் உயர்த்தவே கூடாது. சுற்று 10 சதவிகிதம் கூடினால் பிஸ்டன் ராடை இழுக்கும் விசை 21 சதவிகிதம் கூடும். உள்பாகங்களை மாற்றாத என்ஜினுக்கு அது தற்கொலை.

ஒரே என்ஜின், வேறு வேறு சக்தி

இங்கே ஒரு வாதம் எழும். பென்ஸ் கம்பெனியே தனது 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் என்ஜினை 143 குதிரை, 163 குதிரை, 192 குதிரை என்று மூன்று விதமாக விற்றதே, நாம் ஏன் கூட்டக் கூடாது என்பார்கள். நமது தெருக்களில் பெருவாரியாக ஓடும் ஃபியட் 1.3 லிட்டர் டீசல் என்ஜினும் 75 குதிரையாகவும் 90 குதிரையாகவும் வந்தது உண்மைதான். ஆனால் அந்த 15 குதிரையைக் கூட்டக் கம்பெனி என்ன செய்தது? இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வேறு வகை டர்போவையே பொருத்தியது. சோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தது, வாரண்டி கொடுத்தது. அதே 15 குதிரையை, பழைய டர்போவை வைத்துக்கொண்டே, அரை மணி நேரத்தில் தருகிறேன் என்கிற டப்பாவை என்னவென்று சொல்வது?

அந்த டப்பா என்ன செய்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டீசல் வண்டியில் எரிபொருளின் அழுத்தத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாருக்கு நடுவே அதைச் செருகுகிறார்கள். உள்ளதைவிடக் குறைவான அழுத்தத்தை அது கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது. கம்ப்யூட்டர் பாவம், அதை நம்பி மேலும் அழுத்தத்தை ஏற்றுகிறது. 103 டிகிரி காய்ச்சல் உள்ளவனுக்கு 99 என்று டாக்டரிடம் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சக்தி கூடுவது நிஜம். காவல்காரனின் கண்ணைக் கட்டித்தான் கூடுகிறது என்பதும் நிஜம்.

சட்டமும் சம்பளக்காரரும்

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இந்த மாற்றத்தைக் காட்டிக் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

இது கார் வைத்திருப்பவரின் கவலை மட்டுமன்று. புத்தூரிலும் திருப்பதியிலும் நகரியிலும் பிறர் காரை ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர். முதலாளியின் மகன் ஆசைப்பட்டு வண்டிக்குச் சக்தி ஏற்றியிருப்பார்; பிரேக் மட்டும் பழையதாகவே இருக்கும்; ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் மாதச் சம்பளத்துக்கு வந்த டிரைவர். யாத்ரீகர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதும் இறங்குவதும் அவர்தான். அதே சட்டத்தின் 190ஆவது பிரிவு, ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டுகிறவரையும் தண்டனைக்கு உட்படுத்துகிறது. ஆகவே வண்டியில் என்ன மாற்றினார்கள் என்று கேட்பது டிரைவரின் உரிமை. பிரேக்கை மாற்றாமல் ஓட்ட மாட்டேன் என்று சொல்வது அவருடைய கடமை. "ஐயா, முதலில் பிரேக், பிறகு மற்றது" என்று மரியாதையோடு சொன்னால் கேட்கிற முதலாளிகளும் உண்டு. கேட்காதவரிடம் வேலை போனாலும் கை கால் மிஞ்சும். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் இந்தச் சோதனைகளே கூடாது என்பது நமது உறுதியான கருத்து.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. தடை மட்டும் போட்டால் ஆசை நிற்காது, இருட்டில் நடக்கும். காருக்குக் காஸ் கிட் பொருத்த விரும்பினால் அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு என்று நேர்வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சக்தி கூட்டுவதற்கும் அதுபோல ஒரு வழி ஏன் இருக்கக் கூடாது? சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே மத்திய அரசின் மோட்டார் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இன்ன காருக்கு இன்ன அளவு வரை, இன்ன பிரேக்கோடு, இன்ன புகை அளவுக்குள் என்று சோதித்துச் சான்று தந்தால், நல்ல மெக்கானிக்குகள் தலைநிமிர்ந்து தொழில் செய்யலாம். ஏமாற்றும் டப்பாக்களும் ஒழியும். இளைஞரின் கைத்திறனை அடக்கி வைக்காமல் ஒழுங்குபடுத்துவதே அறிவுடைமை.

வேகம் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. எதிரே மாட்டு வண்டி வராது; ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பொதுச் சாலையில் இவை இரண்டுக்கும் உத்தரவாதமில்லை.

அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் காருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கும் வாசகர்களுக்கு நமது யோசனை எளியது. பிரேக் பட்டையையும் டயரையும் பாருங்கள். காற்று வடிகட்டியை மாற்றுங்கள். குழாய்க் கசிவை அடையுங்கள். கம்ப்ரஷனை அளந்து எழுதி வையுங்கள். இவ்வளவையும் செய்த பிறகு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குமேலும் குதிரை வேண்டுமென்று தோன்றினால், அந்தக் காகிதத்தோடு பட்டறைக்குப் போங்கள்.